அட்டையில் ஒட்டாத துண்டு

போன மாதம் பவித்ரா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு ஈசிஜி அறைக்கு வேலைக்கு வந்த பெண். எங்கள் ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்து என் கையில் வைத்தாள். பிஸ்கட் அளவுதான் இருந்தது.

"இதான் அண்ணே இப்ப. பக்கவாதம்னு யாரு வந்தாலும் நெஞ்சுல ஒட்டி உட்டுர்றோம். ஒரு வாரம் அதுவே துடிப்பப் பதிஞ்சிக்கும். பேப்பரே கெடையாது."

"அப்ப வெட்ற வேலையே இல்லியா?"

"எதை அண்ணே வெட்றது?"

அந்த வில்லையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் வெட்டுவதற்கு ஒன்றுமில்லை. இவ்வளவு காலம் கழித்து வந்திருக்கிறாயே என்று அதைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுத உட்கார்ந்தால் முப்பத்து நாலு வருஷ வேலையில் ஒரு கைநீளத் தாள்தான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. மற்றதெல்லாம் அதைச் சொல்வதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. முதலியார்பேட்டையில் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். நான் பத்தாவதோடு நின்றவன். ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்து ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், ஆக்சிஜன் உருளை உருட்டினேன். ஈசிஜி அறையில் ஆள் குறைந்தபோது என்னை அங்கே போட்டார்கள். கற்றுக்கொடுத்தவர் அந்துவான் என்பவர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். அதனால் அவரைச் சின்னவர் பெரியவர் எல்லோருமே பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்கிற மாதிரி முசே என்றுதான் கூப்பிடுவோம். ஒரு வருஷம் அவருக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் கத்தரிக்கோல் என் கைக்கு வந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோல் எதற்கு என்று புரியாது. அப்போது இருந்த மெஷின் ஒரு சூட்கேஸ் அளவு. ஒரு நேரத்தில் ஒரு கோடுதான் போடும். குமிழைத் திருப்பித் திருப்பிப் பன்னிரண்டு தடவை எடுக்க வேண்டும். சூடான ஊசி மெழுகுத் தாளில் கறுப்பாகக் கீறிக்கொண்டே போகும். தாள் நாடா மாதிரி நீளமாக வெளியே வரும். அதை வெட்டி, பன்னிரண்டு கட்டம் போட்ட ஓர் அட்டையில் கோந்து தடவி ஒட்டித் தர வேண்டும். ஒரு கட்டத்துக்கு மூன்று துடிப்பு, மிஞ்சினால் நாலு. அடியில் மட்டும் ஒரு நீளக் கட்டம். அதில் பத்துத் துடிப்பு கொள்ளும். டாக்டர் பார்ப்பது அந்த அட்டையைத்தான்.

முசேயின் முறை ரொம்பக் கண்டிப்பு. நோயாளி படுத்ததும் முதலில் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரம் பார்த்து முழுசாக ஒரு நிமிடம் நாடி எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கோபம் வரும். எண்ணியதை அட்டையின் மூலையில் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஜெல்லி தடவி, கை கால்களில் கிளிப்பு, நெஞ்சில் ரப்பர் குமிழ். ஊசி ஆடினால் ஆடி முடிகிறவரை காத்திருக்க வேண்டும். ஆடின இடத்தை வெட்டி எறிந்துவிட்டு நேராக ஓடும் இடத்தை ஒட்ட வேண்டும். "குப்பைய ஒட்டி டாக்டர் கண்ணக் கெடுக்காதே" என்பார். அவர் ஒட்டின அட்டை கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். நாடி பிடிப்பது ஒரு விதி, ஆடினதை வெட்டுவது ஒரு விதி என்று நான் தனித்தனியாகத்தான் மனசில் வைத்திருந்தேன். ஒன்றைச் செய்தவனுக்குத்தான் இன்னொன்றைச் செய்ய உரிமை என்பது தெரியவில்லை. அவரும் அதை வாயால் சொன்னதில்லை.

வெட்டின துண்டுகளின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். எறிய மனசு வராது. சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அதில் ஸ்ரீராமஜெயம் எழுதுவேன். சனிக்கிழமை தோறும் நூற்றெட்டுத் துண்டு சுருட்டி நூலில் கோத்து ஆஞ்சநேயருக்கு மாலையாகப் போடுவேன். முசே சர்ச்சுக்குப் போகிறவர். ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏன்டா கலியபெருமாள், ஊரு நெஞ்செல்லாம் ஒங்க சாமி கழுத்துலதான் தொங்குதா?"

"நல்ல எடத்துலதான முசே தொங்குது."

"தொங்கட்டும் தொங்கட்டும். அவரும் நெஞ்சப் பொளந்து காட்னவராமே."

அவர் ஓய்வு பெற்ற பிறகு அறை என் பொறுப்புக்கு வந்தது. அதே வருஷம் டாக்டர் வசுமதி எங்கள் வார்டுக்கு வந்தார்.

அந்த அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆயா வேலை பார்க்கிறவர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். அட்டையை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நின்றுகொள்வார். கைப்பையில் ஒரு பழைய தபால் கார்டு இருக்கும். அதன் ஓரத்தைக் கோட்டின்மேல் வைத்து, இரண்டு துடிப்புக்கு நேரே பென்சிலால் இரண்டு புள்ளி குறிப்பார். பிறகு கார்டை நகர்த்திக்கொண்டே போவார். புள்ளிக்கு நேரே அடுத்தடுத்த துடிப்பு வந்து விழுந்தால் ஒழுங்கு. விழாவிட்டால் கார்டைத் திரும்ப முதலிலிருந்து வைப்பார். அவசரமே கிடையாது. முடித்துவிட்டு, "நீங்க என்ன பாத்தீங்க?" என்று கேட்பார். எடுத்தவனைக் கேட்பார், நர்ஸைக் கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா நிற்பார். அந்தச் சும்மா நிற்பதுதான் நமக்குக் கஷ்டம்.

ஒரு தடவை பஸ் நிலையத்தில் விழுந்து கிடந்த ஒருவரை நினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். நான் எடுத்த கோட்டில் அலைகள் எல்லாம் தலைகீழாக, வௌவால் தொங்குகிற மாதிரி ஆழமாகத் தொங்கின. அப்போதுதான் எங்களுக்கு ரத்தம் பார்க்கும் அட்டை வந்திருந்தது. ஒரு சொட்டு விட்டால் கோடு தெரியும். டிரோபோனின் என்று பெயர். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற பொருள் அது. அன்று கோடு பளிச்சென்று வந்தது. டியூட்டி டாக்டர் சின்னப் பையன். மாரடைப்பு என்று முடிவுகட்டி, ரத்தத்தை இளக்கும் ஊசியை எடுத்துவிட்டான். டாக்டர் வசுமதி வந்து நோயாளியின் கழுத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தார். கழுத்து வளையவில்லை.

"ஊசிய கீழ வையுங்க. முதல்ல தலைய ஸ்கேன் எடுங்க."

ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. அந்த ஊசி போயிருந்தால் ஆள் அங்கேயே முடிந்திருப்பார். இதயம் இப்படிக் காட்டுகிறதே என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"தலைல பெரிய அடி விழுந்தா ஒடம்பு மிரண்டு போயி என்னென்னமோ சுரக்குது கலியபெருமாள். அந்த வேகத்துல இதயத் தசையும் கொஞ்சம் அடி வாங்கிடும். ரத்தத்துல கோடு வரும், ஈசிஜியும் மாறும். குழாய்ல அடைப்பே இருக்காது. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். இதயம் ஒழுங்கில்லாம துடிச்சா உள்ள ரத்தம் தேங்கிக் கட்டியாவும். அது மேல போயி மூளைல அடைக்கும். அதனால பக்கவாதம்னு வந்தாலே, தலைலேர்ந்து இதயத்துக்கு வந்துதா, இதயத்துலேர்ந்து தலைக்குப் போச்சான்னு தேடணும். ஒழுங்கில்லாத துடிப்பு வந்து வந்து போவும், நாம பாக்கும்போது இருக்காது. அதப் புடிக்க எனக்கு ஒங்க பேப்பரத் தவிர வேற ஒண்ணுமில்ல."

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி சரோஜாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். என்னுடைய பேப்பரை நம்பித்தான் வார்டே நடக்கிறது என்று சொன்னேன்.

அதற்கு அடுத்த புரட்டாசியில்தான் அஞ்சலாட்சி வந்தார்.

மூன்றாம் சனிக்கிழமை. நான் சாயங்காலம் வரை விரதம். தலைக்குக் குளித்து, நாமம் போட்டு, துளசி மணி போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். காலாப்பட்டிலிருந்து வேன் வைத்து அவர் மகன் வேலு தூக்கிக்கொண்டு வந்தான். ஐம்பது வயசைத் தாண்டின மீன்காரம்மா. கரையில் ஏலம் எடுத்துக் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது வலது கை தொப்பென்று விழுந்துவிட்டதாம். வாய் குழறியது. என்ன பேசுகிறார் என்று மகனுக்கே புரியவில்லை. முழங்கை வரை மீன் செதில் ஒட்டி மினுக்கியது.

நான் செய்ததை உள்ளபடி எழுதுகிறேன். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. பஞ்சை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு துடைத்தேன். கிளிப்பை நுனிவிரலால் மாட்டினேன். இன்றைக்கு ஒரு நாள், கோயிலுக்குப் போக வேண்டிய கை என்று மனசில் ஓடியது. நாடியைத் தாளிலிருந்தே எண்ணி மூலையில் குறித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். அந்த அம்மா அழுதுகொண்டு இடது கையால் வயரை இழுத்தார். ஊசி ஆடியது. நீளக் கோடு எடுக்கும்போது ஒரு கைநீளத்துக்குத் துடிப்பு ஒரு வரிசையில்லாமல் வந்தது. இரண்டு நெருங்கி வந்தது, ஒன்று எட்டப் போனது, நடுவில் கோடு நடுங்கியது. வயரை இழுக்கிறார், அதனால் ஆடுகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கோடு நேராகிவிட்டது. நேரான இடத்தை வெட்டி ஒட்டினேன். ஆடின துண்டு சட்டைப் பைக்குப் போனது.

கையைப் பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆடுவது வயரா, நாடியா என்று விரலுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஸ்கேனில் மூளையில் ரத்தக் கசிவு இல்லை, இடது பக்கம் ஓர் இடத்தில் சின்ன அடைப்பு. டிரோபோனின் அட்டையில் மங்கலாக ஒரு கோடு. ஆறு மணி நேரம் விட்டுத் திரும்பப் பார்த்தார்கள். அதே மங்கல், கூடவும் இல்லை. மத்தியானம் திரும்ப ஒரு ஈசிஜி எடுத்தேன். ஒழுங்காக ஓடியது. டாக்டர் வசுமதி இரண்டு அட்டையையும் ஜன்னல் ஓரம் வைத்துத் தபால் கார்டை நகர்த்தினார். என்னைக் கூப்பிட்டார்.

"மாரடைப்பு மாதிரி தெரியல. ஆனா இதயம் எதையோ சொல்லுது. காலைல எடுத்ததுல எதையாவது வெட்னீங்களா?"

"இல்லைங்க டாக்டர். எல்லாம் ஒட்டினதுதான்."

துண்டு அப்போது என் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். ஆடின இடம்தானே என்று ஒரு பக்கம் நினைத்தேன். காட்டினால் நாடி எத்தனை என்று கேட்பார், பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டிவரும் என்று இன்னொரு பக்கம் பயந்தேன். டாக்டர் வழக்கம்போல் சும்மா நின்றார். நான் கோந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் குளித்துவிட்டு மாலை கோக்க உட்கார்ந்தேன். அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டுப் பதினோரு தடவை ஸ்ரீராமஜெயம் எழுதினேன். சுருட்டப் போகும்போது முன்பக்கம் கண்ணில் பட்டது. கை சும்மா இருக்கவில்லை. ஒரு பத்திரிகைத் தாளின் ஓரத்தை மடித்துக் கோட்டின்மேல் வைத்து இரண்டு புள்ளி குறித்து நகர்த்தினேன். ஒன்றும் புள்ளியில் விழவில்லை. வயரை இழுத்தால் கோடுதான் ஆடும், துடிப்பு இடம் மாறி வராது. அது எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

அதை மாலையில் கோக்கவில்லை. பெருமாள் படத்துக்குக் கீழே வைத்தேன். அந்த மீன்காரம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது பெருமாளே என்று விழுந்து கும்பிட்டேன். ஆகாமல் தடுக்கக்கூடிய தாளை அங்கேயே வைத்துக்கொண்டுதான் கும்பிட்டேன்.

ஞாயிறு எனக்கு விடுமுறை. திங்கட்கிழமை வார்டுக்குப் போனால் அஞ்சலாட்சி கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சு திரும்பிவிட்டது. கையில் மட்டும் கொஞ்சம் சோர்வு. என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"வாய்யா பேப்பர்காரரே. வாயிதான் போச்சி அன்னிக்கி, கண்ணு போவல. என் கைய எரியற வத்திக்குச்சி மாதிரி ரெண்டு வெரல்ல புடிச்சியே, ஏன்?"

"அப்டில்லாம் இல்லம்மா. புரட்டாசி சனிக்கெழம, அதான்."

"புரட்டாசி ஒனக்கு. எனக்கு இன்னா, கடலு லீவு உட்டுச்சா? ஏன்யா, என் கைய புடிச்சா மீனு ஒட்டிக்குமா ஒனக்கு?"

வார்டே சிரித்தது. வேலுவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"சும்மா இரும்மா. அவரு வேலயப் பாக்கட்டும்."

"நீ சும்மா இருடா. ரெண்டு நாளு பேசாம கெடந்தேன்ல, அதெல்லாம் யாரு பேசறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கோச்சிக்காத. வஞ்சிரம் வரட்டும், ஒரு துண்டு அனுப்பறேன். புரட்டாசி போன பொறவு தின்னு."

அன்றைக்கு எடுத்த ஈசிஜியும் ஒழுங்காகவே ஓடியது. பெருமாள் பார்த்துக்கொண்டார் என்று நினைத்தேன். நினைப்பதற்குச் சுலபமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையை வீசி வீசிக் காட்டிக்கொண்டு தன் காலால் நடந்து போனார். நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடு தூரம்தான். கூப்பிடவில்லை.

புதன்கிழமை சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். சரோஜா கேட்டாள், சொன்னேன். படத்துக்குக் கீழே இருந்த துண்டை எடுத்துக் காட்டினேன். அவள் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இந்தத் தாளு யாருக்கு வேணும்? சாமிக்கா, டாக்டரம்மாவுக்கா?"

"டாக்டருக்குத்தான்."

"அப்ப இங்க ஏன் வெச்சிருக்கீங்க?"

வியாழக்கிழமை காலையில் மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போனேன். டாக்டரிடம் கொடுத்துவிட்டு, அவர் அனுமதித்தால் நானே காலாப்பட்டுக்குப் பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாவைக் கூட்டிவந்துவிடுவது என்று வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். வார்டு வராந்தாவில் வேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"விடியக்காலம் எழுந்து கரைக்குக் கெளம்பினாங்கண்ணே. வாசப்படியிலயே விழுந்துட்டாங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை வலது பக்கம் முழுக்கப் போயிருந்தது. கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சத்தம் இல்லை.

டாக்டர் வசுமதி அறையில் தனியாக இருந்தார். சட்டைப் பையிலிருந்து துண்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். சனிக்கிழமை எடுத்தது, நான் வெட்டினது, நாடி பிடிக்கவில்லை, கேட்டபோது பொய் சொன்னேன். நாலையும் சொல்லி முடித்தேன். அவர் தபால் கார்டை எடுத்து வைத்துப் பார்த்தார். கடைசிவரை நகர்த்தினார். பிறகு துண்டைத் திருப்பினார். பின்பக்கம் இருந்ததைப் படித்தார். பதினொன்றையும் படித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் ஆனது.

"இத நீங்க அன்னிக்கே குடுத்திருந்தாலும், ரத்தத்த எளக்கற மருந்த அன்னிக்கே ஆரம்பிச்சிருக்க மாட்டேன். சில நாள் பொறுத்துத்தான் ஆரம்பிப்போம். அதுக்குள்ள இது வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது."

தபால் கார்டைக் கைப்பைக்குள் வைத்தார்.

"நான் கேட்டேன். நீங்க இல்லன்னீங்க. அது ரெண்டு பேருக்கும் தெரியும்."

கோந்து பாட்டிலை என்னிடம் கேட்டு வாங்கினார். துண்டைச் சனிக்கிழமை அட்டையில் அவர் கையாலேயே ஒட்டினார். ஓர் ஓரத்தில் மட்டும் கோந்து தடவி, திருப்பினால் பின்பக்கமும் தெரிகிற மாதிரி ஒட்டினார். என்னை வேறு வேலைக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டேன்.

"அங்க போயி யாரு கையப் புடிக்காம இருக்கப் போறீங்க? இங்கயே இருங்க."

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். வேலுவிடம் சொன்னார். உங்கள் அம்மாவுக்குத் துடிப்பில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, முதல் நாள் தாளிலேயே இருந்தது, நாங்கள் பார்க்கவில்லை என்றார். நாங்கள் என்றுதான் சொன்னார். நான் அந்தப் பையன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிங்க மேடம்" என்றான். "இப்ப பேசுவாங்களா?"

அதன்பிறகு நான் துண்டு வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பக்கவாத நோயாளி என்றால் வெட்டாமல் முழு நாடாவையும் மடித்து அட்டையோடு குண்டூசி குத்திக் கொடுத்தேன். "ரோலெல்லாம் சாம்பார்ல போட்டுத் திங்கறியா?" என்று ஸ்டோர்காரர் சத்தம் போடுவார். டாக்டர் வசுமதி ரோல் கேட்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார். அவர் மாற்றலாகிப் போகும் நாளில் என்னிடம் அந்தத் தபால் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்ரீராமஜெயம் எழுதுவதை நான் விடவில்லை. கோடு போட்ட நோட்டு வாங்கி எழுதுகிறேன். இப்போதெல்லாம் கை சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. நாலு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அஞ்சலாட்சி மாதா மாதம் வேலுவோடு வருவார். பேச்சும் வலது கையும் திரும்பவில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ரத்தம் சரியான அளவில் இளகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது முடிந்து என் அறைக்கு அனுப்புவார்கள். முதல் மாதம் வந்தபோது வேலுவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அன்றைக்கு நாடி ஒழுங்கில்லாமல்தான் ஓடியது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காதில் விழுந்ததா, விழுந்தது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் இடது கையை அவரே நீட்டிவிடுவார். நான் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவேன். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பவித்ரா, வில்லை ஒட்டுவதற்கு முன்னால் நீயும் அந்த ஒரு நிமிடத்தைப் பிடித்துப் பார். மெஷினுக்காகச் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அவர் வரும் நாள் ஒரு புரட்டாசி சனிக்கிழமையில் வந்துவிட்டது. நான் நாமத்தோடும் துளசி மணியோடும் நின்றேன். கையை நீட்டினவர் என் நெற்றியைப் பார்த்தார். நான் மணிக்கட்டைப் பிடித்து எண்ண ஆரம்பித்தேன். முப்பதோ நாற்பதோ எண்ணியிருப்பேன். அவர் இடது கையைத் திருப்பி என் கையைப் பிடித்தார். பிடித்து மெதுவாக மேலே தூக்கி, என் விரல்களை என் மூக்கருகே கொண்டுவந்து வைத்தார். ஒரு பக்கம் இழுத்த வாய் சிரித்தது. சத்தமில்லாமல், தோள் குலுங்க, வார்டையே சிரிக்கவைத்த அன்றைய குறும்போடு சிரித்தார். மோந்து பார் என்று கண்ணால் சொன்னார்.

மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் இருந்தது. மீன் வாசனை இல்லை. அந்தக் கை மீனைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.